பெட்டியா, பணமா?

தாயகத்து மருத்துவமனையில் முகக்கவசம் தீர்ந்துவிட்டது என்ற செய்தி வந்தால் போதும், கடல் கடந்து வாழ்பவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் அன்று இரவே பணம் சேரத் தொடங்கிவிடும். 2014-இல் எபோலா பரவியபோது சியரா லியோன், லைபீரியா நாடுகளிலிருந்து புலம்பெயர்ந்தவர்கள் திரட்டினார்கள். 2020-இல் கொரோனா வந்தபோது யார்தான் திரட்டவில்லை? சேர்ந்த பணத்தை என்ன செய்வது என்ற கேள்வியில்தான் குழு உடையும். "இங்கேயே வாங்கிப் பெட்டி பெட்டியாக அனுப்புவோம்" என்பது ஒரு கட்சி. "பணமாக அனுப்பினால் அவர்களே வாங்கிக்கொள்வார்கள்" என்பது இன்னொன்று. இரண்டு வழியிலும் கையைச் சுட்டுக்கொண்டவன் நான்.

பெட்டிக் கட்சிக்கு ஆள்பலம் அதிகம். வாங்கியது கண்ணுக்குத் தெரிகிறது, அடுக்கிவைத்துப் படம் எடுக்கலாம், பணம் யார் பையில் போயிற்று என்ற பேச்சுக்கும் இடமில்லை. சிக்கல் விமான நிலையத்தில் தொடங்குகிறது. விமானச் சரக்கில் எடை, கன அளவு இரண்டில் எது அதிகக் கட்டணம் தருமோ அதற்கே பில் போடுவார்கள். 60 செ.மீ. நீளம், 50 அகலம், 40 உயரம் உள்ள ஓர் அட்டைப்பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 1,20,000 கன சென்டிமீட்டர். வழக்கமான கணக்குப்படி 6,000 ஆல் வகுத்தால் 20 கிலோ. உள்ளே இருக்கும் கவச உடைகள் 8 கிலோதான் என்றாலும் 20 கிலோவுக்குத்தான் கட்டணம். போதாததற்கு, உலக விமானச் சரக்கில் ஏறக்குறையப் பாதி பயணிகள் விமானங்களின் அடிவயிற்றில் போவது. 2020-இல் அந்த விமானங்கள் தரையிறங்கி நின்றதும் சரக்குக் கட்டணம் எகிறிவிட்டது.

பணத்தைக் கொட்டினாலும் பொருள் நகராத நாட்களும் உண்டு. அந்த ஆண்டு ஏப்ரலுக்குள் சுமார் 80 நாடுகளும் சுங்கப் பிரதேசங்களும் கவசப் பொருள்கள் உள்ளிட்டவற்றின் ஏற்றுமதிக்குத் தடையோ கட்டுப்பாடோ போட்டிருந்தன. எங்கள் குழுவின் பெட்டிகள் அதையெல்லாம் தாண்டிப் போய்ச் சேர்ந்தன. சேர்ந்த இடத்தில் சுங்கக் கிடங்கில் படுத்துவிட்டன. காரணம் அற்பமானது. பெறுநர் என்ற இடத்தில் மருத்துவமனையின் பெயருக்குப் பதிலாக, குழுவில் ஒருவருடைய மைத்துனரின் பெயரை எழுதியிருந்தோம். தனியாள் பெயரில் வரும் சரக்குக்கு நன்கொடை வரிவிலக்கு கிடைக்காது என்று அப்போதுதான் தெரிந்தது. தினம் தினம் கிடங்கு வாடகை ஏறியது.

அதைவிட மோசம், உள்ளே இருந்த பொருள். காதில் மாட்டும் முகக்கவசங்களை 'என்95' என்று சொல்லி விற்றவரை நம்பி வாங்கியிருந்தோம். என்95 என்பது நுண்துகளை வடிகட்டும் முகக்கவசம். அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பான நியாஷ் (NIOSH) அங்கீகரித்தது என்றால், தலையைச் சுற்றும் இரண்டு பட்டைகளுடன் வரும். 'டிசி-84ஏ' (TC-84A) என்று தொடங்கும் அங்கீகார எண் இருக்கும். அதே வகை ஐரோப்பியக் கவசமான எஃப்எஃப்பி2 (FFP2) என்றால், சிஇ (CE) என்ற ஐரோப்பியத் தர முத்திரைக்குப் பக்கத்தில் நான்கு இலக்க எண் வேண்டும். இவை இல்லாத கவசத்தை நோயாளிக்கு மூச்சுவிடக் குழாய் செருகும் அறையில் மாட்டச் சொல்வது, ஓட்டைக் குடையைக் கொடுத்து மழையில் அனுப்புவதற்குச் சமம். எங்கள் கையுறைகளோ பெரும்பாலும் எக்ஸ்எல். பெட்டி போகவேண்டிய வார்டில் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் சின்னக் கை கொண்ட செவிலியர்கள்.

பணக் கட்சி இந்த அவலங்களில் பலவற்றைத் தாண்டிவிடும். அளவு, வகை, அவசரம் எல்லாம் அங்கிருப்பவர்களுக்குத் தெரியும். ஆனால் சந்தை காலியாக இருக்கும்போது பணம் வெறும் காகிதம். 2020 மார்ச் தொடக்கத்தில் உலக சுகாதார நிறுவனம் சொன்னபடி, அறுவை சிகிச்சை முகக்கவசத்தின் விலை ஆறு மடங்கும் என்95 விலை மூன்று மடங்கும் ஆகியிருந்தன. சட்டச் சிக்கலும் உண்டு. இந்தியாவையே எடுத்துக்கொண்டால், வெளிநாட்டு நன்கொடை பெறும் நிறுவனம், அதை ஒழுங்குபடுத்தும் எஃப்சிஆர்ஏ (FCRA) சட்டத்தின் கீழ் பதிவு செய்திருக்கவேண்டும். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியே அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அவருடைய அண்ணன் வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியிருந்தால் அவருடைய பணம் வெளிநாட்டு நன்கொடை. ஒரே வீட்டில் இரண்டு நியாயம்! எனவே பணமாக அனுப்புவது என்று முடிவெடுத்தால், பெறும் நிறுவனத்தின் பதிவு எண்ணை முதலில் கேளுங்கள்.

பெரிய சர்வதேச நிதிகளிடம் கொடுப்பது மூன்றாவது வழி. கணக்கு வழக்கு சுத்தம், மொத்தமாக வாங்கும் பலமும் உண்டு. ஆனால் உங்கள் பணம் பொதுக் குளத்தில் கலந்துவிடும். நீங்கள் பிறந்த ஆஸ்பத்திரிக்கு அதிலிருந்து ஒரு கையுறை போகும் என்று யாரும் உறுதி தரமாட்டார்கள். அந்த ஆஸ்பத்திரிக்காகத்தான் மக்கள் பணம் போட்டார்கள் என்றால் இந்த வழி அவர்களுக்குச் செய்யும் துரோகம்.

என் தீர்ப்பு பணத்தின் பக்கம், ஒரு விலக்கோடு. உள்ளூரில் தைக்கக்கூடிய மேலங்கி, முகத்திரை போன்றவற்றுக்கு எப்போதும் பணம்தான். என்95 போன்ற வடிகட்டி முகக்கவசத்தை மட்டும், அங்கே ஒன்றுகூடக் கிடைக்காத முதல் சில வாரங்களில், பெட்டியில் அனுப்பலாம். அதன் வடிகட்டித் துணியைத் தையல்காரர் உருவாக்க முடியாது. அந்த வாரங்கள் கடந்தால் கணக்கே மாறிவிடும். கொள்ளைநோய் தொடங்கியபோது கவச உடைத் தொகுப்பையே தயாரிக்காத இந்தியா, நாளுக்கு 2 லட்சம் தொகுப்புகள் தயாரிப்பதாக 2020 மே மாதத்தில் அதன் பிரதமர் அறிவித்தார். ஏப்ரலில் கப்பலேறிய பெட்டி ஜூனில் போய் யாருக்கு உதவும்?

எந்த வழியானாலும் பட்டியல் அங்கிருந்து வரவேண்டும். மருத்துவக் கருவி நன்கொடைக்காக உலக சுகாதார நிறுவனம் 2000-இல் வெளியிட்ட வழிகாட்டி வலியுறுத்துபவற்றில் இரண்டு: பெறுபவரின் விருப்பத்துக்கு மதிப்பு கொடுக்கவேண்டும், தரத்தில் இரட்டை அளவுகோல் கூடாது. மருத்துவமனை இயக்குநரிடம் கேட்டால் "எது அனுப்பினாலும் நன்றி" என்பார். அது பண்பு, பட்டியல் அல்ல. ஸ்டோர் அறைச் சாவி வைத்திருப்பவரையும் தொற்றுக் கட்டுப்பாட்டுச் செவிலியரையும் பிடியுங்கள். இரண்டாவது முறை நாங்கள் அப்படித்தான் செய்தோம். வெள்ளை முழு உடல் கவச உடைதான் முதலில் கேட்பார்கள் என்று காத்திருந்தோம், அதுதானே படத்தில் கம்பீரமாக இருக்கும். கையெழுத்தில் வந்த பட்டியலில் அது இல்லவே இல்லை. முதல் வரியில் "கையுறை, சிறிய அளவு" என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடிட்டிருந்தார்கள்.