ஹார்வர்டா, ஸ்வார்த்மோரா, பெரியாவா? பணமில்லாத மாணவர் அமெரிக்காவில் எங்கே விண்ணப்பிப்பது

ஹார்வர்டில் 2025-26 கல்வியாண்டுக்கு ஒரு மாணவருக்கு ஆகும் செலவு, கட்டணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து, ஏறத்தாழ 87,000 டாலர். டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்தாலும் வருடத்துக்கு 74 லட்சம். நான்கு வருடப் பட்டப்படிப்புக்கு மூன்று கோடியை நெருங்கும். ஸ்டான்ஃபோர்ட், டியூக், வில்லியம்ஸ் என்று எந்தத் தனியார் கல்லூரியை எடுத்தாலும் கிட்டத்தட்ட இதே விலைதான். மூன்று கோடி கையில் இருப்பவர்கள் இதற்கு மேல் படிக்க வேண்டியதில்லை.

மற்றவர்களுக்கு ஒரு விஷயம் முதலிலேயே தெளிவாக வேண்டும். அமெரிக்க மாணவர்களுக்கு அவர்கள் அரசாங்கம் தரும் மானியமும் கடனும் வெளிநாட்டு மாணவர்களுக்குக் கிடையாது. கிடைப்பதெல்லாம் அந்தந்தக் கல்லூரியின் சொந்தப் பணம். அதனால் கல்லூரிக்குக் கல்லூரி விதி மாறுகிறது. கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. உதவி கேட்டால் இடம் கிடைக்கும் வாய்ப்பு குறையுமா? இடம் கிடைத்தபின் எவ்வளவு தருவார்கள்? நம் ஆட்கள் பெரும்பாலும் முதல் கேள்வியிலேயே நின்றுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் முக்கியம்.

முதல் கேள்விக்கு 'குறையாது' என்று பதில் சொல்லும் கல்லூரிகளை நீட்-பிளைண்ட் என்கிறார்கள் (நீட் என்றால் இங்கே 'தேவை'; மருத்துவ நுழைவுத் தேர்வுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை). குடும்பத்தின் வருமானத்தைப் பார்க்காமலே சேர்க்கை முடிவு எடுப்பார்கள். வெளிநாட்டவருக்கும் இதைக் கடைப்பிடித்து, தேவைப்படும் முழுத்தொகையையும் (செலவில் குடும்பத்தால் கட்ட முடியாதது என்று கல்லூரி கணக்கிடும் தொகை) தருகிறோம் என்று சொல்பவை மிகக் குறைவு: ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், மாசசூசெட்ஸ் எம்.ஐ.டி., ஆம்ஹர்ஸ்ட், டார்ட்மத், போடன், பிரவுன், நோட்டர் டேம். இன்னும் ஒன்றிரண்டைச் சேர்த்தாலும் பட்டியல் ஒரு டஜனைத் தாண்டாது. இதிலும் டார்ட்மத், போடன் இரண்டும் 2022-இல்தான் இந்த வரிசையில் வந்தன. பிரவுன் 2025-இல் சேர்ந்த வகுப்பிலிருந்து. நோட்டர் டேம் அறிவித்தது 2024-இல்.

இந்தக் கொள்கை கல்வெட்டு இல்லை. வில்லியம்ஸ் கல்லூரி ஒரு காலத்தில் வெளிநாட்டவருக்கும் நீட்-பிளைண்டாக இருந்தது; பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு, 2010-இல், கைவிட்டது. டார்ட்மத்தும் இடையில் ஒருமுறை கைவிட்டுத்தான் திரும்பி வந்திருக்கிறது. ஆகவே மூன்று வருடம் முன்பு எழுதப்பட்ட பட்டியலை நம்ப வேண்டாம். விண்ணப்பிக்கும் வருடம் கல்லூரியின் சொந்தத் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சரி, உதவி கேட்டாலும் பாதகமில்லை என்றால் இந்த ஒன்பதுக்கும் போட்டுவிடலாமே? போடலாம். ஆனால் உலகம் முழுவதிலும் உள்ள பணமில்லாத கெட்டிக்காரப் பிள்ளைகள் எல்லாம் போடுவதும் இங்கேதான். எம்.ஐ.டி.யில் வெளிநாட்டு விண்ணப்பதாரர்களில் இடம் பெறுவோர் 2 சதவீதம் அளவில்தான். வகுப்பில் வெளிநாட்டவர் பத்தில் ஒரு பங்கு என்ற அளவிலேயே நிறுத்திக்கொள்கிறார்கள். பணத்தைப் பார்க்கவில்லை என்பது உண்மை. ஆனால் வாசல் அகலமாகிவிடவில்லை. ஒலிம்பியாட் பதக்கமோ அதற்கு ஈடான ஒன்றோ இல்லாத, ஆனால் நிஜமாகவே நன்றாகப் படிக்கும் பிள்ளைக்கு இந்த ஒன்பதை மட்டும் நம்புவது சூதாட்டம்.

அடுத்த வகை நீட்-அவேர். பணம் கேட்கிறீர்களா, எவ்வளவு என்பதைச் சேர்க்கையின்போதே பார்ப்பார்கள். கேட்கவே பயமாக இருக்கும், ஆனால் இதற்குள்தான் ஸ்டான்ஃபோர்ட், டியூக், நார்த்வெஸ்டர்ன், வில்லியம்ஸ், ஸ்வார்த்மோர், பொமோனா, வாஸர், வெல்லெஸ்லி, ஸ்மித், கார்ல்டன், மெக்காலெஸ்டர் எல்லாம் இருக்கின்றன. இவை இடம் கொடுத்துவிட்டால் முழுத் தேவையையும் ஈடுசெய்பவை. இவற்றில் பல லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகள், அதாவது கலை, அறிவியல் இளங்கலைப் படிப்பையே மையமாகக் கொண்டவை. மொத்தமே இரண்டாயிரம் மாணவர் அளவில் உள்ள சின்னக் கல்லூரிகள். 'பேரே கேள்விப்பட்டதில்லையே' என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். சொல்லட்டும்.

நீட்-அவேர் கல்லூரியில் என்ன நடக்கிறது? வெளிநாட்டு மாணவருக்கென்று வருடத்துக்கு ஒரு தொகை ஒதுக்கியிருப்பார்கள். தேர்வுக்குழு விரும்பும் மாணவர்களின் தேவையைக் கூட்டிப் பார்த்து, தொகைக்குள் அடங்கும்வரை எடுப்பார்கள். 80,000 டாலர் தேவைப்படும் மாணவர் 30,000 தேவைப்படும் மாணவரைவிட நிச்சயம் ஒரு படி மேலே இருந்தாக வேண்டும். அநியாயம்தான். ஆனால் கணக்கு வெளிப்படையாக இருக்கிறது, அதைப் படிக்கவும் வழி இருக்கிறது.

காமன் டேட்டா செட் என்று ஒரு ஆவணத்தைப் பெரும்பாலான கல்லூரிகள் வருடாவருடம் வெளியிடுகின்றன. அதில் எச்6 என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். வெளிநாட்டு இளங்கலை மாணவர்களில் எத்தனை பேருக்குக் கல்லூரி உதவி கொடுத்தது, சராசரி எவ்வளவு, மொத்தம் எவ்வளவு என்று மூன்று எண்கள் இருக்கும். ஒரு கற்பனைக் கணக்கு: 'அ' கல்லூரியில் 160 பேர், சராசரி 70,000 டாலர். 'ஆ' கல்லூரியில் 600 பேர், சராசரி 22,000 டாலர். பார்த்தவுடன் 'ஆ' தாராளமாகத் தெரியும். ஆனால் 'ஆ' செய்வது வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்குத் தள்ளுபடி கொடுத்து இழுப்பது. மீதி 60,000 டாலருக்கும் மேல் உள்ளதை யார் கட்டுவது? 'அ' கல்லூரியில் 160 என்பது நான்கு வருட வகுப்புகளும் சேர்ந்தது. நான்கால் வகுத்தால் வருடத்துக்கு 40 பேர். அந்த 40 பேரும் ஏறக்குறைய முழுச்செலவுக்கும் உதவி வாங்கியவர்கள். உங்கள் கல்லூரி அதுதான். தரவரிசைப் பட்டியல்களைப் பார்த்துச் செலவழிக்கும் நேரத்தில் பாதியை எச்6-க்குக் கொடுத்தால் போதும்.

இங்கே ஒரு குறுக்குவழி எல்லோருக்கும் தோன்றும்: உதவி வேண்டாம் என்று எழுதி இடம் வாங்கிக்கொண்டு, இரண்டாம் வருடம் கேட்டால் என்ன? பெரும்பாலான நீட்-அவேர் கல்லூரிகள் சேரும்போது கேட்காத வெளிநாட்டவருக்குப் பிறகு தருவதில்லை. அதேபோல, கட்ட முடியாத தொகையைக் கட்டுவதாக எழுதுவதும் ஆபத்து. நான்கு வருடத்துக்கும் அதே கணக்கில் பிடித்துக்கொள்வார்கள். இது தவிர, விசாவுக்கான ஐ-20 படிவம் வாங்கப் பணத்தைக் காட்டியாக வேண்டும்.

முன்கூட்டி (வழக்கமான ஜனவரிக் கெடுவுக்கு முன், நவம்பரிலேயே) விண்ணப்பிப்பதில்தான் இரண்டு வகைகளும் நேருக்கு நேர் மோதுகின்றன. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், ஸ்டான்ஃபோர்ட் நான்கிலும் முன்கூட்டி விண்ணப்பித்தால் வேறு அமெரிக்கத் தனியார் கல்லூரிக்கு அப்போது முன்கூட்டி விண்ணப்பிக்கக் கூடாது. ஆனால் இடம் கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமில்லை. ஸ்வார்த்மோர், பொமோனா, வாஸர் போன்றவற்றில் இருப்பது ஏர்லி டிசிஷன். இடம் கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டும், உதவித்தொகை உண்மையிலேயே போதவில்லை என்றால் மட்டும் விலக்கு. பலரும் அந்த ஒரே சீட்டை ஹார்வர்டிலோ யேலிலோ இறக்குகிறார்கள். நான் எதிர்ப்பக்கம். உதவித்தொகைப் பெட்டி நிரம்பி இருக்கும்போது, நீங்கள்தான் முதல் விருப்பம் என்று சொல்லிக்கொண்டு போய் நிற்பது நீட்-அவேர் கல்லூரியில் பொருள் உள்ள செயல். பணத்தையே பார்க்காத கல்லூரியில் அந்த நேரக் கணக்குக்கு வேலையே இல்லை.

இதில் இழப்பும் உண்டு. பிற்பாடு இரண்டு கல்லூரிகளின் கடிதத்தை வைத்து எது லாபம் என்று பார்க்க முடியாது. ஆனால் வருடத்துக்கு இரண்டு மூன்றாயிரம் டாலர்தான் கட்ட முடியும் என்ற வீட்டுக்கு முழுத் தேவையைத் தரும் கல்லூரிகளிடையே பெரிய வித்தியாசம் வராது. பத்தாயிரம், இருபதாயிரம் டாலர் கட்டக்கூடிய, வியாபாரமோ நிலமோ உள்ள வீட்டுக்குத்தான் வரும். ஒரு கல்லூரி சொந்த வீட்டைக் கணக்கில் எடுக்கும், இன்னொன்று எடுக்காது. கடைக்குப் போட்ட முதலைச் சொத்தாகப் பார்ப்பதிலும் வேறுபாடு. அப்படிப்பட்ட வீடுகள் ஏர்லி டிசிஷனுக்கு முன்னால் நன்றாக யோசிக்கட்டும்.

மூன்றாவது வழி மெரிட் உதவித்தொகை. குடும்ப வருமானத்தைப் பொருட்படுத்தாமல் திறமைக்குத் தருவது. வாஷிங்டன் அண்ட் லீயின் ஜான்சன் உதவித்தொகை குறைந்தது கட்டணம், அறை, சாப்பாடு எல்லாவற்றையும் ஈடுசெய்கிறது. வகுப்பில் பத்தில் ஒரு பங்கினருக்குக் கொடுக்கிறார்கள். டியூக்கில் கார்ஷ் உதவித்தொகை வெளிநாட்டவருக்கென்றே இருக்கிறது, ஆனால் அதற்குத் திறமையோடு பணத்தேவையும் இருக்க வேண்டும். பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் டிரஸ்டி, வாண்டர்பில்ட்டின் கொர்னேலியஸ் வாண்டர்பில்ட் இரண்டும் கட்டணத்தை மட்டும் முழுவதும் ஏற்கின்றன. இந்த 'மட்டும்' என்ற இடத்தில்தான் கவனம் வேண்டும். கட்டணம் போனபின் தங்குமிடம், சாப்பாடு, காப்பீடு என்று வருடத்துக்கு 25,000 டாலர் மீதி நிற்கும். 21 லட்சம் ரூபாய். நான்கு வருடத்துக்கு 85 லட்சம். நம் அரசு வங்கிகளில் ஏழரை லட்சத்துக்கு மேல் கல்விக்கடன் என்றாலே பொதுவாக அடமானம் கேட்பார்கள். 'ஃபுல் டியூஷன் கிடைத்துவிட்டது' என்று தெரு முழுக்க இனிப்பு கொடுப்பதற்கு முன் இந்தக் கணக்கைப் போடுங்கள்.

இந்தியக் குடிமக்களுக்கென்றே ஒன்றும் இருக்கிறது: கார்னெலில் டாடா உதவித்தொகை. டாடா அறக்கட்டளை 2008-இல் கொடுத்த 2.5 கோடி டாலரிலிருந்து வருவது. எந்த நேரத்திலும் சுமார் இருபது பேர் அதில் படித்துக்கொண்டிருப்பார்கள். பெயரைப் பார்த்து மெரிட் என்று நினைக்கவேண்டாம், இது தேவை பார்த்துத் தருவது. பிளஸ் ஒன் கட்டத்தில் இருப்பவர்கள் புனே அருகே இருக்கும் யு.டபிள்யூ.சி. மஹிந்திரா கல்லூரியையும் (பெயர்தான் கல்லூரி, பிளஸ் ஒன், பிளஸ் டூ அளவிலான பன்னாட்டுப் பள்ளி) பார்க்கலாம். அங்கே படித்து முடிப்பவர்களுக்கு டேவிஸ் அறக்கட்டளை ஏறத்தாழ நூறு அமெரிக்கக் கல்லூரிகளில் பண உதவி செய்கிறது. அந்த மாணவர் தேவையோடு வந்தாலும் கல்லூரியின் பெட்டியில் பாரம் குறைகிறது. நீட்-அவேர் கணக்கில் அது பெரிய விஷயம்.

அப்புறம் கென்டக்கியின் பெரியா கல்லூரி. 1892-லிருந்து கல்விக் கட்டணமே வாங்காத கல்லூரி. வெளிநாட்டு மாணவருக்கு முதல் வருடச் செலவு முழுவதையும் ஏற்கிறார்கள். எல்லா மாணவரும் வாரத்துக்குக் குறைந்தது பத்து மணி நேரம் கல்லூரியில் வேலை செய்ய வேண்டும். எடுக்கும் வெளிநாட்டவர் மிகக் குறைவு, ஆனால் வசதியான வீட்டுப் பிள்ளைகளோடு போட்டியிட வேண்டியதில்லை, ஏனென்றால் அவர்களை எடுப்பதே இல்லை. பெயர் கவர்ச்சி இல்லாததால் நம் ஊர்ப் பட்டியல்களில் இது விடுபட்டுப்போவது எனக்கு எரிச்சலாகவே இருக்கிறது.

பெர்க்லி, யு.சி.எல்.ஏ. போன்ற கலிஃபோர்னியா அரசுப் பல்கலைக்கழகங்கள்? கலிஃபோர்னியாவைச் சேராத மாணவருக்குச் செலவு வருடத்துக்கு 80,000 டாலரைத் தொடும், வெளிநாட்டவருக்குத் தேவை பார்த்துத் தரும் உதவி கிடையாது. விண்ணப்பக் கட்டணத்தை மிச்சப்படுத்துங்கள்.

உதவிக்கடிதம் வந்தபின் ஒப்பிடும்போது வரியை மறக்கிறார்கள். கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் போன உதவித்தொகைக்கு வரி இல்லை. அறைக்கும் சாப்பாட்டுக்கும் போன பகுதி வருமானமாகக் கருதப்படும், எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவரிடம் 14 சதவீதம் பிடிப்பார்கள். 20,000 டாலருக்கு 2,800 டாலர். இதில் இந்தியாவிலிருந்து போகும் மாணவருக்கு ஒரு சலுகை உண்டு: இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21-ஆம் பிரிவின்படி அமெரிக்கர்களைப்போல நிலையான கழிவு (வரி போடுமுன் வருமானத்திலிருந்து கழித்துவிடும் தொகை) எடுத்துக்கொள்ளலாம். 2024-க்கு அது 14,600 டாலர்; பெரும்பகுதி வரி காணாமல் போய்விடும். யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ போகும் மாணவருக்கு இது இல்லை, ஆகவே அவர்கள் கையில் கூடுதல் பணம் வைத்துக்கொள்ள வேண்டும். இந்த வரியையும் ஈடுசெய்கிறீர்களா, காப்பீடும் விமான டிக்கெட்டும் கணக்கில் உண்டா என்று கல்லூரிக்கே மின்னஞ்சல் அனுப்பிக் கேட்கலாம். கேட்பதால் இடம் போகாது.

விருதுநகரில் சின்னக் கடை, வருடத்துக்குப் பத்து லட்சம் வருமானம், பிளஸ் டூ படிக்கும் பெண் என்று வைத்துக்கொள்வோம். நான் போட்டுத்தரும் பட்டியல் இப்படி இருக்கும். நவம்பர் 1-க்கு எம்.ஐ.டி., அதன் முன்கூட்டிய விண்ணப்பம் வேறெதையும் தடுப்பதில்லை. அதே சமயம் ஸ்மித் அல்லது வெல்லெஸ்லிக்கு ஏர்லி டிசிஷன். பெண்கள் கல்லூரி என்பதால் பெண்களோடு மட்டும்தான் போட்டி, வீட்டிலும் சண்டை குறையும். அங்கே இடம் கிடைத்துவிட்டால் எம்.ஐ.டி. விண்ணப்பத்தையும் மற்றவற்றையும் விலக்கிக்கொள்ள வேண்டும். கிடைக்காவிட்டால் ஜனவரியில் வாஸருக்கோ மெக்காலெஸ்டருக்கோ இரண்டாம் சுற்று ஏர்லி டிசிஷன். பெரியா கட்டாயம். நீட்-பிளைண்ட் ஒன்பதில் மூன்றோ நான்கோ மட்டும், எல்லாம் வேண்டாம்; ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டுரைகள் எழுதியே ஆள் களைத்துவிடும். ஸ்மித், கார்ல்டன், கோல்பி போன்றவற்றுக்கு விண்ணப்பக் கட்டணமே இல்லை. குடும்ப வருமான விவரங்களுக்கான சி.எஸ்.எஸ். புரொஃபைல் என்ற படிவத்துக்கு முதல் கல்லூரிக்கு 25 டாலர், பிறகு ஒவ்வொன்றுக்கும் 16.  சில கல்லூரிகள், எழுதிக் கேட்டால் கட்டண விலக்குக் குறியீடு அனுப்புகின்றன. கடையின் வரவு செலவையும் அப்பாவின் வருமான வரிக் கணக்கையும் செப்டம்பரிலேயே ஆடிட்டரிடம் வாங்கி, ஆங்கிலத்தில் தயாராக வைத்திருங்கள். அக்டோபர் கடைசி வாரத்தில் ஆடிட்டர் தீபாவளி விடுமுறையில் இருப்பார்.