தலைமைக்குத் தடையாகும் எண்ணங்கள்: குறிப்பேடா, உரையாடலா?

பெங்களூரு வைட்ஃபீல்டிலும் எலக்ட்ரானிக் சிட்டியிலும் புதிதாகக் குழுத்தலைமை ஏற்கும் தமிழர்கள் பலரை, "இந்தப் பதவிக்கு நான் தகுதிதானா" என்ற ஐயம் அரிக்கிறது. பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் ஆகிய உளவியலாளர்கள் 1978இல் விவரித்த மனநிலை இதுவே. இத்தகைய எண்ணங்களைக் கண்டறிய, தானே எழுதிப் பார்ப்பது நல்லதா, இன்னொருவரிடம் பேசுவது நல்லதா?

செலவு: குறிப்பேட்டுக்கு ஏறத்தாழ ஒன்றுமில்லை. பயிற்சியாளருக்குக் கட்டணம் உண்டு. நம்பிக்கைக்குரிய மூத்த சக ஊழியர் கிடைத்தால் அதுவும் மிச்சம்.

எளிமை: எழுதுவதற்கு ஒழுங்கு வேண்டும். பேசுவதற்குத் துணிவு வேண்டும். அதுவே கடினம் என்பேன்.

கூர்மை: மனநல மருத்துவர் ஆரோன் பெக் 1960களில் உருவாக்கிய, எண்ணங்களைச் சான்றோடு ஒப்பிட்டுத் திருத்தும் அறிதிறன் சிகிச்சையைப் பின்பற்றி நிகழ்வு, எண்ணம், சான்று எனக் கட்டம் பிரித்து எழுதலாம். "மேலாளர் என் அறிக்கையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, அவருக்குப் பிடிக்கவில்லை" என்று எழுதியபின் சான்றுக்கான கட்டம் வெறுமையாகவே நிற்கும்போது, அந்த முடிவு தன் கற்பனை என்பது எழுதியவருக்கே புலப்படும். ஆனால் "வேலையைப் பிறரிடம் ஒப்படைத்தால் தரம் கெடும்" என்ற எண்ணம் பொறுப்புணர்வின் வேடத்தில் வருவதால் குறிப்பேட்டில் சிக்குவதில்லை. இளையவர் எழுதிய நிரலை நள்ளிரவில் தலைவர் திருத்துவதைக் கவனிக்கும் சக ஊழியருக்கே அது தெரியும்.

நிலைப்பு: எழுத்தில் அதே வாக்கியம் திரும்பத் திரும்ப வருவதைப் பின்னர் காணலாம், பேச்சு மறந்துபோகும்.

தன்னையே குறைத்து மதிப்பிடுபவருக்குக் குறிப்பேடும், எல்லாவற்றையும் தானே சுமப்பவருக்கு உரையாடலும் பொருந்தும். உறக்கமே கெடுமளவு கவலை முற்றியவர் இரண்டோடும் நின்றுவிடாமல், நிம்ஹான்ஸ் போன்ற மனநல மருத்துவமனையை நாடுவதே முறை.