கிளிப் போட்ட பற்களுக்கு ‘விசேட உப்புநீர்’ வாங்கி 14,800 ரூபாய் இழந்தோம்

ஆறிய மனத்தோடு எழுதலாம் என்று காத்திருந்தால் எழுதாமலே விட்டுவிடுவேன் என்பதால், அந்தக் கடையிலிருந்து வெறுங்கையோடு திரும்பிய இன்றைக்கே எழுதுகிறேன். பிள்ளைகளுக்குப் பல்லில் கிளிப் போட்டிருக்கும் பெற்றோர் தயவுசெய்து முழுவதையும் வாசியுங்கள். என்னென்ன கவனிக்க வேண்டும் என்பதை இறுதியில் விரிவாகத் தருகிறேன்.

சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் என் மகளுக்குச் சில மாதங்களுக்கு முன் கிளிப் போடப்பட்டது. முதல் வாரமே, பல்லில் ஒட்டிய உலோகத் துண்டுகள் கன்னத்தின் உட்புறத்தில் உரசி இரண்டு இடங்களில் புண்ணாகிவிட்டது. சோற்றைக் குழைத்துக் கொடுத்தாலும் ஒரு பக்கமாகவே மென்றாள். இளஞ்சூட்டு உப்புநீரால் கொப்பளிக்கும்படி பல் வைத்தியர் சொல்லியிருந்தார், நாங்களும் அதைச் செய்துகொண்டுதான் இருந்தோம். அந்த நேரத்தில்தான், யாழ்ப்பாணம் பேருந்து நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் உள்ள, இயற்கை அழகுசாதனப் பொருட்கள் விற்கும் ஒரு கடையின் விளம்பரம் என் கைபேசியில் வந்தது. கிளிப் போட்டவர்களுக்கென்றே தயாரிக்கப்பட்ட உப்புநீர் என்று அதில் இருந்தது.

மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். கடையில் நின்ற தம்பி அவளை வாயைத் திறக்கச் சொல்லி, கைபேசி வெளிச்சத்தில் புண்ணைப் பார்த்து, “பாவம் பிள்ளை, இவ்வளவு நோவோட இருக்கிறா” என்றார். அந்த ஒரு சொல்லில் நான் இளகிவிட்டேன். நாங்கள் வீட்டில் கரைக்கும் உப்பைப் பற்றிச் சொன்னதும் அவருடைய முகம் மாறியது. “ஐயோ அக்கா, சமையல் உப்பைப் போடாதேங்கோ, கம்பி துருப்பிடிச்சு அறுந்து போகும். இது கம்பியைத் தொடாது. பல்லில ஒட்டுற அழுக்கையும் இதுவே கரைச்சுப் போடும், புண் ஆறுமட்டும் பிள்ளை பிரஷ் போட்டுக் கஷ்டப்படத் தேவையில்லை” என்றார். ஆறு போத்தல்கள் கொண்ட பெட்டியின் விலை 14,800 ரூபாய். சீட்டு எடுத்து ரியூசன் கட்டணத்துக்கென்று வைத்திருந்த காசிலிருந்து எண்ணிக் கொடுத்தேன். ஒரு போத்தல் மட்டும் தரமுடியுமா என்று கேட்டிருக்கலாம், அந்த நேரத்தில் தோன்றவில்லை.

ஆறு வாரங்கள் கழித்துக் கம்பியை இறுக்கப் போனபோது வைத்தியர் ஒன்றும் பேசாமல் கைக்கண்ணாடியை என்னிடம் திருப்பினார். மேல் முன்பற்களில், உலோகத் துண்டைச் சுற்றிச் சுண்ணாம்பு தடவியதுபோல் வெள்ளை வளையங்கள் தெரிந்தன. பல்லில் படிந்த அழுக்கில் உள்ள கிருமிகள் உணவின் சீனியை அமிலமாக்க, அந்த அமிலம் பல்லின் மேற்படையான மிளிரியில் (எனாமல்) உள்ள கனியுப்புகளைக் கரைத்ததன் அடையாளம் அது என்றும், ஒழுங்காகத் துலக்காத பற்களில் நான்கு வாரங்களுக்குள்ளேயே இது தெரியத் தொடங்கலாம் என்றும், பல இடங்களில் தழும்பு முழுமையாக மறையாது என்றும் சொன்னார். கம்பி துருப்பிடிக்கும் கதையைக் கேட்டதும், அவை துருப்பிடிக்காத உருக்கும் நிக்கல் - தைத்தேனியக் கலப்பும் என்றும், வாயில் ஊறும் உமிழ்நீரிலேயே உப்பு இருக்கிறதென்றும், அரை நிமிடம் கொப்பளிப்பதால் அவற்றுக்கு ஒன்றும் ஆகாதென்றும் விளக்கினார். உப்புநீர் புண்ணின் நோவைத் தணிக்கும், உணவுத் துணுக்குகளை அலசும். பல்லில் ஒட்டிய படிவை அது கரைக்காது. பிரஷ்தான் அதை அகற்றும்.

அன்றிரவு, திறக்காமல் மிஞ்சியிருந்த ஆறாவது போத்தலை எடுத்தேன். பொன் எழுத்துத் தமிழ் லேபலின் ஒரு மூலை எழும்பியிருந்தது. நகத்தால் உரித்துப் பார்த்தபோது கீழே இன்னொரு லேபல், அதில் பொடி எழுத்தில் நீர், சோடியம் குளோரைட்டு, நிறமூட்டி, வாசனை என்று நான்கே நான்கு பொருட்கள் இருந்தன. சோடியம் குளோரைட்டு என்றால் ஆனையிறவில் விளையும் அதே உப்பு. ஆறு போத்தல்களிலும் சேர்த்து 3 லீற்றர், அதை வீட்டில் கரைக்க ஆறேழு தேக்கரண்டி உப்புப் போதும். அதற்குத்தான் 14,800 ரூபாய்.

அடுத்த நாள் தொலைபேசியில் அழைத்தபோது முதலாளி கொழும்புக்குப் போய்விட்டார் என்றார்கள். வாட்ஸ்அப்பில் பற்களின் படத்தை அனுப்பினேன். பார்த்ததற்கான நீல அடையாளம் விழுந்தது, பதில் வரவில்லை. மூன்றாவது முறை அழைத்தபோது “வெள்ளிக்கிழமை வாங்கோ” என்றார்கள். இன்று போனேன். அன்று என்னை ‘அக்கா’ என்ற அதே தம்பி இன்று ‘மேடம்’ என்றார். பிரஷ் போடவேண்டாம் என்று தான் சொல்லவே இல்லையாம், பிள்ளை இனிப்புத் தின்றிருப்பாளாம். உடைக்காத போத்தலுக்காவது பணத்தைத் தாருங்கள் என்றேன். பெட்டியாக விற்றதைத் தனியாக எடுக்கமாட்டோம் என்றார். உள்ளே கதிரையில் இருந்தவர் கைபேசியிலிருந்து தலையை நிமிர்த்தவும் இல்லை. என் மகள் கடை வாசலில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். 14,800 ரூபாய் போனதைவிட அதுதான் என்னால் தாங்க முடியாதிருக்கிறது.

விரிவாக எழுதுவதாகச் சொன்னேன், ஆனால் கை ஓடவில்லை. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். ஒரு கோப்பை இளஞ்சூட்டு நீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து, அரை நிமிடம் கொப்பளித்துத் துப்பினால் போதும், விழுங்க வேண்டாம். உப்பைக் கூட்டினால் புண் இன்னும் எரியும். உரசும் இடத்தில் வைக்க மெழுகு இருக்கிறது, வைத்தியரிடம் கேளுங்கள். புளோரைட்டுப் பற்பசையால் துலக்குவதை யார் சொன்னாலும் நிறுத்தாதீர்கள், கம்பிக்குக் கீழே நுழையும் சிறிய பிரஷையும் வாங்குங்கள். லேபலின் மேல் லேபல் இருந்தால் வாங்கவே வேண்டாம். பற்றுச்சீட்டை எறியாதீர்கள்: என்னுடையது இருக்கிறது, திங்கட்கிழமை காலை பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்து முறையிடப் போகிறேன். இதே பெட்டியை வாங்கியவர்கள் இருந்தால் எழுதுங்கள், சேர்ந்தே முறையிடலாம்.