தில்லைநகர்ல ஒரு யூராலஜி செக்கப்

லண்டன்லேருந்து ஊருக்கு வர்றவங்க பல்லுக்கும் கண்ணுக்கும் காட்டிட்டு போறது வழக்கம்தான், நான் இந்த தடவை காட்டுனது வேற. எனக்கு ஒரு விரைதான். பொறந்தப்பவே இடது பக்கம் கீழ இறங்கல, குளிப்பாட்டுன அப்பாயி கண்டுபிடிச்சு சொல்லியிருக்கு, "வளர்ந்தா தானா இறங்கிடும்"னு விட்டுட்டாங்க, அப்புறம் ஸ்கூல் படிக்கிறப்ப ஆபரேஷன் பண்ணி பாத்தா சுருங்கிப் போயிருந்துச்சு, எடுத்துட்டாங்க. இப்ப கல்யாணப் பேச்சு ஓடுது. அங்க ஜிபி கிட்ட, அதாவது குடும்ப டாக்டர்கிட்ட கேட்டா அவசரமில்லாத கேஸ், வெயிட்டிங் லிஸ்ட்.

திருச்சி தில்லைநகர்ல எங்க திரும்புனாலும் ஆஸ்பத்திரிதான். ஆனா யூராலஜிஸ்ட், அதாவது சிறுநீர்ப் பாதை, ஆணுறுப்பு பிரச்சனைக்கான டாக்டர் யாருன்னு கேட்டு அவரைப் பாருங்க. பஸ் ஸ்டாண்ட் சுவத்துல நோட்டீஸ் ஒட்டிட்டு லாட்ஜ்ல ரூம் போட்டு உக்காந்திருப்பாரே ஒரு வைத்தியர், எங்க மாமா அங்கதான் கூட்டிட்டு போவேன்னு ஒத்தைக்கால்ல நின்னாரு, எப்படியோ சமாளிச்சேன்.

டாக்டர் தங்கமான மனுஷன். ஒண்ணு நல்லா இருந்தா போதும்யா, ஹார்மோனும் அதுவே சுரக்கும் குழந்தையும் பிறக்கும்னாரு. இறங்காம இருந்தவங்களுக்கு கேன்சர் வாய்ப்பு மத்தவங்களை விட கொஞ்சம் கூட, அதனால மாசம் ஒருதடவை குளிக்கிறப்ப தடவிப் பாருங்க, கட்டி மாதிரி தெரிஞ்சா உடனே வரணும். திடீர்னு உயிர் போற வலி வந்தா விரை முறுக்கிக்கிச்சுன்னு அர்த்தமா இருக்கலாம், 6 மணி நேரத்துக்குள்ள ஆபரேஷன் தியேட்டர்ல இருக்கணும், இருக்குறதே ஒண்ணு பாருங்கன்னாரு. கிரிக்கெட் ஆடுனா அங்க அடிபடாம இருக்க கார்டு (guard) கண்டிப்பா போடணும். அக்கா பையனுக்கும் இதே மாதிரிதான், அதையும் கேட்டேன், 6 மாசம் வரைக்கும் பாக்கலாம், அதுக்கு மேல இறங்கலைன்னா காத்திருக்கவே கூடாது, 18 மாசத்துக்குள்ள ஆபரேஷன் முடிச்சிடணுமாம். அப்பாயிங்க சொல்றத கேட்டுட்டு இருக்குற வீடெல்லாம் கவனிங்க.

சர்வீஸ்ல மார்க் குறையறது ஒரே இடத்துலதான், ரகசியம்ங்கறது கெடையாது. ஸ்கேன் சென்டர்ல கர்ப்பிணிங்க நடுவுல உக்காந்திருக்கேன், மேல 'பிறக்கப்போகும் குழந்தையின் பாலினம் தெரிவிக்கப்பட மாட்டாது' போர்டு, அங்க வேலை பாக்குற பொண்ணு வெளில வந்து "விதைப்பை ஸ்கேன் யாருங்க?"ன்னு ஒரு சத்தம். எந்திரிக்கவே கால் வரல. விந்து டெஸ்ட்டுக்கு கடைசியா விந்து வெளியானதுலேருந்து 2லேருந்து 7 நாள் இடைவெளி இருக்கணும், இத முன்னாடியே கேட்டு வச்சுக்கங்க, லேப்ல யாரும் சொல்ல மாட்டாங்க. சாம்பிள் எடுக்க காட்டுன ரூம்ல தாழ்ப்பாள் இல்ல. வீடு பக்கம்னா அங்கேயே எடுத்து உடம்பு சூட்டுலயே ஒரு மணி நேரத்துக்குள்ள கொண்டு வந்து குடுத்துடலாம், அதான் நிம்மதி. டெஸ்டோஸ்டிரோன்ங்கற ஆண் ஹார்மோனுக்கான ரத்த டெஸ்ட் காலையிலேயே குடுத்துடணும்.

வேகத்துக்கு மட்டும் குறையே சொல்ல முடியாது, அன்னிக்கு சாயங்காலமே எல்லா ரிப்போர்ட்டும் வாட்ஸ்அப்ல வந்துடுச்சு. பதிவு பண்றப்ப லோக்கல் நம்பர்தான் வேணும்னாங்க, அப்பா நம்பரை குடுத்திருந்தேன். கடைத்தெருவுலேருந்து போன் பண்றாரு, "டேய், எல்லாம் நார்மல்னு போட்ருக்கான், பொண்ணு வீட்டுக்கு தேதி சொல்லிடவா?"