உலர்சூளையா, காற்றும் வெயிலுமா?

இங்கிலாந்தில் 2021 மே 1 முதல், 2 கன மீட்டருக்குக் குறைவாக விற்கும் விறகில் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சிறு வியாபாரிகளுக்கு மட்டும் ஓராண்டு கூடுதல் அவகாசம் கொடுத்தார்கள்.

அதனால் விற்கும் முன் விறகைக் காய வைக்க வேண்டும். ஒரு வழி உலர்சூளை, அதாவது சூடான காற்றில் விறகைக் காய வைக்கும் அறை. அதன் பலம் வேகம். பச்சை விறகு சில நாட்களில் தயாராகிவிடும், மழையைப் பற்றிக் கவலையில்லை. ஆனால் செலவு அதிகம். அதைத் தாங்கிப் பிடித்தது 2011இல் வந்த புதுப்பிக்கத்தக்க வெப்ப ஊக்கத்தொகை. சூளையைச் சூடாக்க மரம் எரிக்கும் கொதிகலனின் வெப்பத்துக்கு யூனிட் கணக்கில் 20 ஆண்டுகள் பணம். விறகைக் காய வைக்க விறகையே எரித்து, எரிக்க எரிக்க அரசுப் பணம் வாங்குவது எனக்கு ஒப்பவில்லை. 2018இல் புதிய கொதிகலன்களுக்கு விறகு உலர்த்தலைப் பெரும்பாலும் விலக்கினார்கள். 2021 மார்ச்சோடு புது விண்ணப்பமும் நின்றது. இன்று சூளை கட்டுபவர் அந்த உதவியை நம்ப முடியாது.

காற்றில் காய வைக்க எரிபொருள் வேண்டாம், இடமும் பொறுமையும் வேண்டும். ஆஷ் மரம் ஒரு கோடையில் காயலாம், ஓக் இரண்டு வருஷம் கேட்கும். அதுவரை போட்ட பணம் முடங்கிக் கிடக்கும். பிளந்து அடுக்கி, மேலே மட்டும் மூட வேண்டும். பக்கங்களையும் மூடினால் பூஞ்சைதான் மிச்சம். அப்புறம், ஈரமானியை வெளிப்பக்கம் குத்திப் பார்த்து நம்பக் கூடாது. கட்டையைப் புதிதாகப் பிளந்து உள்முகத்தில் பார்க்க வேண்டும்.

களம் இருக்கிற சிறு வியாபாரி கோடை முழுக்க வெளியே காய வைத்து, கடைசி ஈரத்துக்கு மட்டும் வாடகைச் சூளையைத் தேடலாம்.