திரை இருண்டுபோனால் கிராபிக்ஸ் கார்டைக் குறை சொல்லும் முன்

கணினித் திரைக்குப் படத்தை வரைந்து அனுப்பும் கிராபிக்ஸ் கார்டைப் பற்றி எழுதப்படுவதில் பெரும்பகுதி, வாங்கிய முதல் வாரத்தில் எந்த விளையாட்டில் நொடிக்கு எத்தனை ஃப்ரேம் (படம்) வந்தது என்பதுதான். சில வருடம் ஓடியபின் அந்தக் கார்டு எப்படி இருக்கிறது என்று எழுதுபவர்கள் குறைவு. நடுத்தர ரகக் கார்டு ஒன்றைப் பகலில் வீடியோ எடிட்டிங்குக்கும் இரவில் விளையாட்டுக்கும் ஓட்டிவரும் அனுபவத்தில் சொல்கிறேன்: கார்டு போய்விட்டது என்று தோன்றிய ஒவ்வொரு முறையும் கார்டு நன்றாகத்தான் இருந்தது. கோளாறு அதைச் சுற்றி இருந்தது.

முதலில் வந்த தொல்லை, வேலைக்கு நடுவே திரை இரண்டு மூன்று நொடி கருத்துவிட்டுத் திரும்ப வருவது. பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும், படம் மட்டும் போகும். இப்படி ஆனால் முதலில் கார்டையும் மானிட்டரையும் இணைக்கும் கேபிளைத்தான் சந்தேகிக்க வேண்டும். அதைச் சோதிக்கச் செலவே இல்லாத வழி ஒன்று உண்டு. டிஸ்ப்ளே செட்டிங்ஸில் போய், திரை நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்பதைக் குறிக்கும் ரெஃப்ரெஷ் ரேட்டை 144 ஹெர்ட்ஸிலிருந்து 60-க்கு இறக்கினேன். அன்று முழுக்க ஒரு தடவைகூடத் திரை கருக்கவில்லை. திரும்ப 144-க்கு ஏற்றியதும் பழையபடி ஆரம்பித்தது. வேகம் கூடக் கூடக் கேபிள் வழியே போகும் தரவும் கூடும், தரம் குறைந்த கேபிள் அந்த இடத்தில்தான் திணறும். கேபிளை மாற்றியதோடு அந்தத் தொல்லை ஒழிந்தது.

மானிட்டர் கேபிள்களில் ஒரு வகையான டிஸ்ப்ளேபோர்ட் கேபிளில் இன்னொரு வில்லங்கமும் இருக்கிறது. அதன் பிளக்கில் உள்ள பின்களில் (மின் தொடர்பு முனைகளில்) 20-வது, இரு முனைகளுக்கும் இடையே இணைந்திருக்கக் கூடாது என்பது விதி. மலிவான சில கேபிள்களில் இணைத்துவிடுகிறார்கள். மானிட்டரிலிருந்து 3.3 வோல்ட் மின்சாரம் கார்டுக்குள் தலைகீழாகப் பாயும், கணினி பூட் ஆகாமல் மக்கர் செய்யும். கேபிளைக் கழற்றினால் ஆன் ஆகிறது, மாட்டினால் ஆகவில்லை என்றால் இதுதான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

திரையில் கோடுகளோ புள்ளிகளோ தெரிந்தால் நான் செய்வது ஸ்கிரீன்ஷாட் எடுத்து போனுக்கு அனுப்பிப் பார்ப்பது. அந்தப் படத்திலும் கோடு இருந்தால் கார்டு அல்லது அதை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருளான டிரைவர் பக்கம் கோளாறு. படம் சுத்தமாக இருந்தால் பெரும்பாலும் கேபிளோ மானிட்டரோதான். இன்னும் ஒரு படி போகலாம். மானிட்டரின் பொத்தானை அழுத்தினால் பிரைட்னஸ், கான்ட்ராஸ்ட் மாற்றுகிற மெனு வருமே, அதை வரைவது கார்டு அல்ல, மானிட்டரே. கோடு அந்த மெனுவின் மேலும் குறுக்கே ஓடினால் கார்டின் மேல் பழியே இல்லை. கார்டைக் கழற்றிக் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு முன் இந்த இரண்டையும் செய்யுங்கள், ஐந்து நிமிடம்கூட ஆகாது.

அடுத்தது டிரைவர். கார்டு 2 நொடிக்குள் பதில் சொல்லாவிட்டால் விண்டோஸ் அதன் டிரைவரை ரீசெட் செய்துவிடும். விண்டோஸ் தன் நிகழ்வுகளைக் குறித்துவைக்கும் ஈவன்ட் வியூவரில் 4101 என்ற எண்ணோடு இது பதிவாகும். இந்த 2 நொடியை ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் இடத்தில்) கூட்டிவிடச் சொல்லும் யோசனை எல்லா இடத்திலும் கிடைக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. காத்திருக்கும் நேரம்தான் கூடும், கார்டு ஏன் பதில் சொல்லவில்லை என்ற கேள்வி அப்படியே நிற்கும். இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு, அவசியமானவை மட்டும் ஓடும் சேஃப் மோடில், டிரைவரை நீக்குவதற்கென்றே உள்ள டிடியு (DDU) மென்பொருளால் பழைய டிரைவரை அடியோடு துடைத்து, பிறகு புதிதாக நிறுவுவதே எனக்குக் கைகொடுத்தது. இணையத்தைத் துண்டிப்பது முக்கியம். இல்லாவிட்டால் நடுவில் விண்டோஸ் அப்டேட் தன் பங்குக்கு ஒரு டிரைவரைப் போட்டுவிடும். ஒழுங்காக ஓடும் பதிப்பு அமைந்துவிட்டால் அதன் இன்ஸ்டாலரைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக வந்துவிட்டது என்பதற்காகவே மாற்ற வேண்டியதில்லை.

கனமான வேலையின்போது திரை கருத்து, கணினியும் சேர்ந்து ரீஸ்டார்ட் ஆனால், கணினிக்குள் எல்லாவற்றுக்கும் மின்சாரம் தரும் பவர் சப்ளையைப் பாருங்கள். கார்டு செருகியிருக்கும் மதர்போர்டு ஸ்லாட் வழியே அதற்குக் கிடைப்பது அதிகபட்சம் 75 வாட். பவர் சப்ளையிலிருந்து நேரே வரும் 6 பின் இணைப்பு இன்னொரு 75, 8 பின் இணைப்பு 150. கார்டில் இரண்டு 8 பின் இருந்தால் ஒரே கேபிளின் இரு கிளைகளை மாட்டாமல் இரண்டு தனிக் கேபிள்களை மாட்டுவது நல்லது. ஒரு பவர் சப்ளையோடு வந்த மாடுலர் (கழற்றி மாட்டக்கூடிய) கேபிளை வேறொன்றில் மாட்டவே மாட்டாதீர்கள். பிளக் பொருந்தும், உள்ளே வயரின் வரிசை வேறாக இருக்கலாம். கார்டு, ஹார்ட் டிஸ்க் எல்லாம் ஒரு நொடியில் போய்விடும்.

சூடு விஷயத்தில் நான் கண்கூடாகப் பார்த்த வித்தியாசம் பெரியது. வாரண்டி முடிந்தபின் கூலரைக் கழற்றினால் சிப்பின் மேல் இருந்த, அதன் சூட்டைக் கூலருக்குக் கடத்தும் பூச்சான தெர்மல் பேஸ்ட் காய்ந்து, ஓரங்களில் செதில் செதிலாக உரிந்து வந்தது. நடுப்பகுதியில் பூச்சு என்ற ஒன்றே இல்லை. ஐசோபுரப்பைல் ஆல்கஹாலால் துடைத்துப் புதிதாகப் பூசியதும் அதே விளையாட்டில் 86 டிகிரி காட்டிய கார்டு 73-ல் நின்றது, ஃபேன் இரைச்சலும் அடங்கியது. மெமரி சிப்களின் மேலுள்ள, சூட்டைக் கடத்தும் மெத்தை போன்ற பேடுகளை மாற்றுவதானால் பழையதன் தடிமனை அளந்து அதே அளவில் வாங்குங்கள். அரை மில்லிமீட்டர் கூடினாலே கூலர் சிப்பின் மேல் சரியாக உட்காராமல் போகலாம். தூசியை ஊதும்போது ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், பேரிங் பிழைக்கும்.

கார்டு உண்மையிலேயே போனால் எப்படித் தெரியும் என்பதை நண்பர் ஒருவரின் கணினியில் பார்த்தேன். பவரை அழுத்தியதுமே, விண்டோஸுக்கு முன் வரும் பயாஸ் திரையிலேயே, எழுத்துகளுக்கு நடுவே பச்சையும் ஊதாவுமாகச் சின்னச் சின்னக் கட்டங்கள் சீரான இடைவெளியில் நின்றன. அந்த நேரத்தில் விண்டோஸும் இல்லை, டிரைவரும் இல்லை. கேபிளையும் மானிட்டரையும் மாற்றிப் பார்த்தும் அதேதான். இது பெரும்பாலும் வீடியோ மெமரி கோளாறு. கார்டைச் சமையல் ஓவனில் வைத்துச் சூடாக்கினால் சரியாகும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். சில நாள் ஓடினாலும் ஓடும், நிலைக்காது. அந்தச் சூட்டில் பிளாஸ்டிக்கும் கெப்பாசிட்டர்களும் வீணாகும், புகை வேறு. தயவுசெய்து வேண்டாம்.

அன்று அவர் வேலை நிற்காமல் காப்பாற்றியது அவருடைய பிராசஸருக்குள்ளேயே இருந்த, தனிக் கார்டு இல்லாமல் படம் தரும் உள்ளமை கிராபிக்ஸ்தான். கார்டைக் கழற்றிவிட்டு மதர்போர்டின் எச்டிஎம்ஐ போர்ட்டில் மானிட்டரை மாட்டியதும் படம் வந்துவிட்டது. என் பிராசஸரில் அது கிடையாது. இன்டெல்லில் பெயர் எஃப் (F) என்ற எழுத்தில் முடியும் டெஸ்க்டாப் பிராசஸர்கள் அந்த வகை. விலை சற்றுக் குறைவு என்பதால் பலர் அதையே எடுக்கிறார்கள். அடுத்த முறை நான் எடுக்க மாட்டேன்.