மாம்பழத் தோலுக்கு வாடகை மெம்பரேன் மெஷின்: ஒரு சீசன் ஓட்டிய பிறகு

அயோத்தியாப்பட்டினம் பக்கம் சின்னதாக மாங்கூழ் யூனிட் நடத்துகிறோம். பெங்களூரா மாம்பழம் அரைக்கிற நாட்களில் தோல் மட்டுமே மலைபோல் குவியும். மாட்டுக்காரர்கள் கொஞ்சம் அள்ளிப் போவார்கள், மீதி கிடந்து புளித்து ஈ மொய்க்கும். அந்தத் தோலில் ஜாமைக் கெட்டியாக்கும் பெக்டினும், மேங்கிஃபெரின் போன்ற பாலிஃபீனால்களும் (செடிகளில் இருக்கும் ஆன்டிஆக்சிடன்ட் சத்துக்கள்) இருக்கும்போது கொட்ட மனசு வரவில்லை. அதனால் இந்த சீசனுக்கு நுண்துளைச் சவ்வு வழியே சாறை வடிக்கும் மெம்பரேன் ஃபில்டர் யூனிட் ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன்.

பிரிக்கிற வேலையில் குறை இல்லை. தோலைக் கழுவி, சிட்ரிக் ஆசிட் போட்டு பிஎச் 2-க்குப் பக்கத்தில் கொண்டுவந்து, 80 டிகிரியில் ஒரு மணி நேரம் வேகவைத்து வடித்த சாறை, சூடு தணிந்ததும், பெரிய மூலக்கூறுகளை மட்டும் தடுக்கும் அல்ட்ரா ஃபில்டரில் விடுகிறோம். பெக்டின் பல்லாயிரம் டால்டன் (மூலக்கூறு எடையின் அளவு) எடையுள்ள மூலக்கூறு, அது உள்ளேயே சுற்றிச்சுற்றிக் கெட்டியாகும். சர்க்கரை, அமிலம், மேங்கிஃபெரின் எல்லாம் தண்ணீரோடு அந்தப் பக்கம் போய்விடும். காசு மிச்சமாவது இங்கேதான். 100 லிட்டர் சாறை 20 லிட்டராக்கிவிட்டால் பெக்டினைத் திரட்ட ஊற்றும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் ஐந்தில் ஒரு பங்கு போதும். ஊற்றியதுமே நார்நாராகத் திரண்டு மேலே வரும், அள்ளிப் பிழிந்தால் ஈரத்துணி மாதிரி கையில் நிற்கும். மெஷின் இல்லாமல் திரட்டியதை விட நிறமும் வெளுப்பு.

அந்தப் பக்கம் போன தண்ணீரை இன்னும் நுண்ணிய துளையுள்ள நானோ ஃபில்டரில் விட்டால் மேங்கிஃபெரின் தனியாகக் கிடைக்கும் என்று விற்க வந்தவர் சொன்னார். அதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். மேங்கிஃபெரின் 422 டால்டன், சுக்ரோஸ் 342. இவ்வளவு நெருக்கத்தில் இருக்கும் இரண்டையும் துளை அளவை வைத்துப் பிரிக்க முடியாது, சர்க்கரையும் சேர்ந்துதான் கெட்டியாகி வரும். பாலிஃபீனாலைத் தனியாக எடுக்க அதற்குமேல் ரெசின் மணிகள் நிரப்பிய குழாய் (column) வேண்டும், அது இன்னொரு செலவு.

அப்புறம் அடைப்பு. முதலில் சுருட்டிவைத்த ஸ்பைரல் மெம்பரேன் மாட்டிக் கொடுத்தார்கள். மாம்பழ நார் போய் அதன் வலை இடுக்கில் உட்கார்ந்துகொள்ளும். பிரஷர் கேஜில் உள்ளே போகிற முள்ளும் வெளியே வருகிற முள்ளும் விலகிக்கொண்டே போகும், வடிந்த தண்ணீர் வரும் பர்மியேட் குழாயில் ஓட்டம் குறைந்து நூல் மாதிரி ஆகிவிடும். மாற்றித் தரச் சொல்லிப் பல தடவை போன் போட்ட பிறகே, மெல்லிய இழைக்குழாய்களால் ஆன ஹாலோ ஃபைபர் வந்தது. அதைப் பின்பக்கமாகத் தண்ணீர் விட்டு அலசலாம், அதற்குப் பின் நிம்மதி. முன்னால் நல்ல பேக் ஃபில்டர் (பை வடிகட்டி) போட்டே ஆகவேண்டும், துணியில் வடித்தது போதாது.

நம்ம ஊர் ஆட்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது தண்ணீர். எங்கள் போர் தண்ணீர் கடினத் தண்ணீர். அதிலுள்ள கால்சியம் பெக்டினோடு சேர்ந்தால் மெம்பரேன் மேல் ஜெல் படலம் இன்னும் இறுகும். சர்க்கரையைக் கழுவி எடுக்கவும் கடைசி அலசலுக்கும் ஆர்ஓ தண்ணீருக்கு மாறியதும் வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்தது. இதை நிறுவனத்தில் ஒருவரும் சொல்லவில்லை, இது எனக்குப் பெரிய வருத்தம். தினமும் வேலை முடிந்ததும் காஸ்டிக் சோடா போட்டுக் கழுவ வேண்டும், அதனால் காரம் தாங்கும் பாலிஈதர் சல்போன் மெம்பரேனாகக் கேளுங்கள். நானோ ஃபில்டரில் பாலிஅமைடு என்றால் குளோரின் பக்கமே போகக்கூடாது. நிறுத்திவைக்கும்போது காயவும் விடக்கூடாது, சோடியம் மெட்டாபைசல்ஃபைட் கரைசலில் ஊறவைக்க வேண்டும்.

தோலை அன்றன்றைக்கே வேகவைக்க முடிகிறவர்களுக்கு மட்டும் இது சரிப்படும். மறுநாள் தோலில் நொதிகள் பெக்டினை உடைக்க ஆரம்பித்திருக்கும், எந்த மெம்பரேனும் அதைத் திருப்பித் தராது. விலைக்கு வாங்கும் முன் ஒரு சீசன் வாடகைக்கு ஓட்டுங்கள். எந்த வகை மெம்பரேன், கழுவும் மருந்து யார் செலவு, பழுதானால் எத்தனை நாளில் ஆள் வருவார் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏற்காட்டில் எஸ்டேட் வைத்திருக்கும் சொந்தக்காரர் ஒருவர், காப்பிப் பழத்தைத் தோல் நீக்கி பல்ப் போடும் சமயத்தில் கழிவுத் தண்ணீரை இதில் விட்டுப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறார். கொட்டையைச் சுற்றியுள்ள வழவழப்பிலும் பெக்டின்தான், குளோரோஜெனிக் அமிலம் என்ற பாலிஃபீனாலும் உண்டு. அவருக்கும் ஹாலோ ஃபைபர் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.